அவசரமும் காத்திருப்பும்: தாத்ரி எரிவாயு மின்நிலையத் திட்டத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

உத்தரப் பிரதேச மாநிலத்தில் தாத்ரியை அடுத்த பகுதியில் 7,480 மெகாவாட் திறனுடைய எரிவாயு மின்நிலையம் ஒன்றை அமைப்பதற்கான திட்டம் 2004-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அம்மின்நிலையம் கட்டப்படவே இல்லை. ஆயினும் அதன் பெயரால் 2,500 ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. நாட்டின் மிகப் பெரிய எரிவாயு வழக்கு நடந்தது. பங்குச் சந்தையில் ஒரு நிறுவனத்தின் எதிர்காலத் திறன் கணக்கிடப்பட்டது. இத்திட்டத்தின் நிலம், எரிவாயு, முதலீடு ஆகிய மூன்று இழைகளையும் தனித்தனியே பிரித்து, அவற்றின் காலவரிசையை ஒப்பிட்டு நோக்குகிறது இக்கட்டுரை. எரிவாயு உறுதிப்படுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க முடிந்த ஒரு திட்டம், நிலவுடைமையாளரின் ஆட்சேபணையைக் கேட்பதற்குச் சில மாதங்கள்கூடக் காத்திருக்கவில்லை என்பதே இவ்வொப்பீட்டின் வழிப் பெறப்படும் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: தாத்ரி, எரிவாயு மின்நிலையம், கிருஷ்ணா-கோதாவரிப் படுகை, நில எடுப்புச் சட்டம் 1894, அவசரக் கூறு, பொதுநோக்கம்.

முன்னுரை

கட்டி முடிக்கப்பட்ட அணைகளுக்கும் ஆலைகளுக்கும் வரலாறு எழுதப்படுவது இயல்பு. கட்டப்படாதவை பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே எஞ்சுகின்றன. ஆனால் ஒரு திட்டம் நிறைவேறாமற் போவது வேறு. அது நிகழாமலே போவது வேறு. அறிவிக்கை வெளியிடப்பட்டு, வேலி இடப்பட்டு, வழக்காடப்பட்ட ஒரு திட்டம், புகைபோக்கி எழாத நிலையிலும் நிலத்தின் உரிமையையும் சட்டத்தின் பொருளையும் மாற்றிவிடுகிறது. தாத்ரித் திட்டம் அதற்கு ஏற்றதொரு சான்று.

இத்திட்டம் பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் அம்பானி சகோதரர் இருவரின் பிணக்காகவே நிகழ்ந்தது. அப்பிணக்கு இவ்வரலாற்றின் ஒரு பகுதி, அதுவே முழுமையன்று. அதனையே மையமாகக் கொண்டால், நிலத்தை இழந்த ஊர்கள் கதையின் விளிம்புக்குத் தள்ளப்படுகின்றன. ஆகவே இக்கட்டுரை நிலத்திலிருந்து தொடங்குகிறது.

இடமும் பெயரும்

தாத்ரி என்ற பெயர் இந்திய மின்துறையில் முன்பே அறிமுகமானது. தேசிய அனல்மின் கழகம் அங்கு நிலக்கரியாலும் எரிவாயுவாலும் இயங்கும் மின்நிலையத்தை நடத்தி வருகிறது. அதன் எரிவாயுப் பிரிவு 1990-களில் ஏறத்தாழ 830 மெகாவாட் திறனுடன் அமைந்தது. குஜராத்திலிருந்து வடக்கே செல்லும் எரிவாயுக் குழாய்வழி அப்பகுதியைத் தொடுவதும், தில்லியின் மின்தேவை அருகில் இருப்பதும் அவ்விடத்தின் சிறப்புகள்.

இங்கு ஆராயப்படும் திட்டம் அதனின் வேறானது. ரிலையன்ஸ் குழுமத்தின் மின்நிறுவனத்தால் முன்மொழியப்பட்ட இதற்கான நிலம் தௌலானாவைச் சுற்றிய ஊர்களில் எடுக்கப்பட்டது. அவற்றுள் பஜேரா குர்த் என்னும் சிற்றூரின் பெயர் பின்னர் நாடறிந்ததாயிற்று. அக்காலத்தில் காஜியாபாத் மாவட்டத்தில் இருந்த இவ்வூர்கள் 2011-இல் உருவான ஹாப்பூர் மாவட்டத்தில் இப்போது அடங்கும். கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட வளமான வண்டல் நிலம் இது. கோதுமையும் கரும்பும் விளைவது. தலைநகரின் விரிவு நெருங்கி வந்துகொண்டிருந்தமையால், நிலத்தின் மதிப்பு விளைச்சலைக் கடந்து உயர்ந்துகொண்டிருந்த காலமும் அதுவே.

நிலம்: அவசரக் கூறு

2003-ஆம் ஆண்டு ஆகஸ்டில் முலாயம் சிங் யாதவ் உத்தரப் பிரதேசத்தின் முதலமைச்சரானார். மின்பற்றாக்குறை மாநிலத்தின் தீராச் சிக்கலாக இருந்தது. பெருமுதலீட்டை ஈர்ப்பதற்கு மாநில அரசு வளர்ச்சிக் குழுமம் ஒன்றை அமைத்தது. அனில் அம்பானி அதன் உறுப்பினர்களுள் ஒருவர். 2004-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மின்நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒரே இடத்தில் அமையும் எரிவாயு மின்நிலையங்களுள் உலகிலேயே மிகப் பெரியது எனப் பேசப்பட்ட அதன் திறன், திட்டம் விரிந்த நிலையில் 7,480 மெகாவாட் ஆயிற்று.

1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் காலனிய ஆட்சியில் இயற்றப்பட்டது. அதன் 4-ஆம் பிரிவு நிலம் எடுக்கும் கருத்தை முதலில் அறிவிப்பது. 6-ஆம் பிரிவு பொதுநோக்கத்தை உறுதிசெய்து அறிக்கையிடுவது. இவ்விரண்டுக்கும் இடையில் 1923-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 5-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அறிவிக்கை வெளியான 30 நாள்களுக்குள் நிலவுடைமையாளர் தம் ஆட்சேபணையைத் தெரிவிக்கலாம். ஆட்சியர் அதனைக் கேட்டு அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அச்சட்டத்தில் குடிமகனின் குரலுக்கென அமைந்த வாயில் ஏறத்தாழ இது ஒன்றே எனலாம்.

அவ்வாயிலை அடைக்கும் அதிகாரமும் அதே சட்டத்தில் இருந்தது. 17-ஆம் பிரிவின் அவசரக் கூற்றைப் பயன்படுத்தினால் ஆட்சேபணை விசாரணையைத் தவிர்க்கலாம். இழப்பீட்டுத் தீர்வம் அறிவிக்கப்படும் முன்பே நிலத்தைக் கைக்கொள்ளலாம். வெள்ளத்தால் ஆற்றின் போக்கு மாறுதல் போன்ற, காத்திருக்க இயலாத சூழல்களே இதற்கு இயல்பான எடுத்துக்காட்டுகள். தாத்ரித் திட்டத்திற்கும் இக்கூறே பயன்படுத்தப்பட்டது. 2004 பிப்ரவரியில் 4-ஆம் பிரிவின் கீழும், ஜூனில் 6-ஆம் பிரிவின் கீழும் அறிவிக்கைகள் வெளியாயின. மொத்தம் 2,500 ஏக்கர். நிலத்தை இழந்தவர் எவரும் விசாரணையில் கேட்கப்படவில்லை.

மின்பற்றாக்குறை அவசரமன்றா என்று வினவலாம். அவ்வினா நியாயமானதே. எரிவாயு மின்நிலையம் ஒன்றைக் கட்ட ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். நிலம் முன்கூட்டியே கிடைத்தாக வேண்டும். ஆயினும் நிலத்தை முன்கூட்டியே எடுப்பது ஒன்று. கேளாது எடுப்பது மற்றொன்று. மூன்றாண்டுக் கட்டுமானத்தில் சில மாத விசாரணை பெருஞ்சுமையாகாது. அவ்விசாரணை நடந்திருந்தால் இயல்பாக எழக்கூடிய வினாக்கள் இரண்டு. எரிவாயு மின்நிலையத்திற்கு நிலக்கரிக் கிடங்கும் சாம்பல் குளமும் வேண்டா எனும்போது 2,500 ஏக்கர் எதற்கு? ஆலையை இயக்கும் எரிவாயு எங்கிருந்து, எந்த ஒப்பந்தத்தின்படி வரும்? இவ்விரண்டாம் வினாவுக்கு 2004-இல் எவரிடமும் உறுதியான விடை இல்லை.

இழப்பீடு போதாமை பற்றிய முறையீடு படிப்படியாகப் போராட்டமாக வளர்ந்தது. அதற்கு அரசியல் வடிவம் தந்தவர் முன்னாள் பிரதமர் வி.பி. சிங். மண்டல் குழுப் பரிந்துரை நடைமுறையாக்கம், காவிரி நடுவர் மன்றம் ஆகியவற்றோடு தமிழகத்தில் நினைக்கப்படும் அவர், தம் இறுதி ஆண்டுகளில் கடும் நோயோடு போராடியபடியே இவ்வூர்களுக்கு வந்தார். நடிகரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ராஜ் பப்பர் அவருடன் இணைந்தார். 2006 ஜூலையில் பஜேரா குர்த்தில் காவல்துறைக்கும் உழவர்களுக்கும் மோதல் ஏற்பட்டுப் பலர் காயமுற்றனர். ஊருக்குச் செல்ல முயன்ற தலைவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர். 2008 நவம்பரில் வி.பி. சிங் மறைந்தபோது வழக்கு முடிவுறவில்லை.

எரிவாயு: இருமுறை விற்கப்பட்ட எதிர்காலம்

தாத்ரிக்கான எரிவாயு ஆந்திரக் கடற்பகுதியிலிருந்து வரும் என எதிர்பார்க்கப்பட்டது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஆழ்கடல் தொகுதியான கேஜி-டி6-இல் உற்பத்தி செய்வதற்கு ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் மைய அரசுடன் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2002-இல் பெரும் எரிவாயு வளம் கண்டறியப்பட்டது. காக்கிநாடாவில் கரையேறும் எரிவாயு குழாய்வழியே குஜராத்தை அடைந்து, அங்கிருந்து வடக்கே உள்ள குழாய்வழியில் தாத்ரியை எட்ட வேண்டும். துணைக்கண்டத்தை ஏறத்தாழ இருமுறை கடக்கும் பயணம் அது.

அதன் விலை எங்கிருந்து தோன்றியது என்பது கருதத்தக்கது. தேசிய அனல்மின் கழகம் குஜராத்தில் கவாஸ், காந்தார் ஆகிய தன் மின்நிலையங்களை மொத்தம் 2,600 மெகாவாட் அளவுக்கு விரிவாக்க எண்ணி எரிவாயுவுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. 2004-இல் ரிலையன்ஸ் பத்து இலட்சம் பிரித்தானிய வெப்ப அலகுக்கு 2.34 டாலர் என்ற விலையில், நாளொன்றுக்கு 12 மில்லியன் கன மீட்டர் வீதம், 17 ஆண்டுகளுக்கு வழங்க முன்வந்து தேர்வு பெற்றது. ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை; 2005 டிசம்பரில் கழகம் பம்பாய் உயர்நீதிமன்றத்தை நாடியது. அவ்விரிவாக்க நிலையங்களும் கட்டப்படவில்லை.

இதே விலை ஓர் குடும்ப உடன்பாட்டில் மீண்டும் தோன்றியது. திருபாய் அம்பானி 2002-இல் மறைந்த பின் அவர் மைந்தர் இருவரிடையே எழுந்த பிணக்கு, 2005 ஜூனில் தாயார் கோகிலாபென் முன்னின்று செய்த ஏற்பாட்டால் தீர்ந்தது. எரிவாயுத் தொகுதி மூத்தவரான முகேஷ் அம்பானியின் நிறுவனத்திடம் நின்றது. மின்துறை இளையவரான அனில் அம்பானிக்குச் சென்றது. ஆலை ஒருவரிடம், எரிபொருள் மற்றவரிடம் என்ற நிலையில், நாளொன்றுக்கு 28 மில்லியன் கன மீட்டரை 2.34 டாலர் விலையில் 17 ஆண்டுகளுக்கு இளையவர் குழுமத்தின் ரிலையன்ஸ் நேச்சுரல் ரிசோர்சஸ் நிறுவனத்திற்குத் தருவது உடன்பாட்டின் பகுதியாயிற்று. கூட்டுச் சுழற்சி முறையில் இயங்கும் 1,000 மெகாவாட் நிலையம் ஒன்றுக்கு முழுத் திறனில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 மில்லியன் கன மீட்டர் தேவை. எனவே அந்த 28 மில்லியன் தாத்ரியின் பெரும்பகுதியை இயக்கப் போதுமானது; தாத்ரி இல்லையேல் அவ்வளவு எரிவாயுவைக் கோருவதற்குக் காரணமும் இல்லை.

2006 ஜூலையில் பெட்ரோலிய அமைச்சகம் இவ்விலைக்கு ஒப்புதல் மறுத்தது. அவ்வாண்டே வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது. 2007-இல் பிரணாப் முகர்ஜி தலைமையிலான அதிகாரமளிக்கப்பட்ட அமைச்சர்கள் குழு 4.20 டாலர் என்ற விலையை ஏற்றது. இரு விலைகளுக்கும் இடையிலான வேறுபாடு 1.86 டாலர். 28 மில்லியன் கன மீட்டர் எரிவாயுவின் வெப்ப அளவைத் தோராயமாகக் கணக்கிட்டால், இவ்வேறுபாடு நாளொன்றுக்கு 18 இலட்சம் டாலரைத் தாண்டும். 17 ஆண்டுகளுக்கு அது பல நூறு கோடி டாலர். வழக்கு ஏன் அத்துணைக் கடுமையாக நடந்தது என்பதற்கு இக்கணக்கே விளக்கம்.

முதலீடு: தாளில் எழுந்த திறன்

2008 ஜனவரியில் ரிலையன்ஸ் பவர் நிறுவனம் பொதுப் பங்கு வெளியீட்டுக்கு வந்தது. பங்கு ஒன்றின் விலை 450 ரூபாய். திரட்டிய தொகை 11,500 கோடி ரூபாய்க்கு மேல். அதுவரை இந்தியாவில் நிகழ்ந்தவற்றுள் அதுவே மிகப் பெரிய வெளியீடு. நிறுவனம் தன் திட்டங்களின் மொத்தத் திறனை 28,200 மெகாவாட் எனக் காட்டியது. அதில் 7,480 மெகாவாட் தாத்ரியுடையது. அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் அதிகம். திரட்டிய பணம் தாத்ரிக்கென ஒதுக்கப்பட்டதன்று என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஆயினும் நிலம் வழக்கிலும் எரிவாயு வழக்கிலும் இருந்த ஒரு நிலையம், நிறுவனத்தின் எதிர்கால உருவத்தில் இடம்பெற்றிருந்தது.

இவ்விடத்தில் மூன்று இழைகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றமை புலனாகிறது. எரிவாயு வரும் என்பதால் நிலம் பொதுநோக்கத்திற்குரியதாயிற்று. நிலமும் ஆலையும் உண்டு என்பதால் எரிவாயு கோரப்பட்டது. இரண்டும் உண்டு என்பதால் திறன் கணக்கிடப்பட்டது. மூன்றனுள் எதுவும் தன்னளவில் உறுதிப்படவில்லை.

தீர்ப்புகள்

2009 ஏப்ரலில் கேஜி-டி6-இல் உற்பத்தி தொடங்கியது. ஜூனில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் இருவர் ஆயம் இளையவரின் நிறுவனத்திற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு முன்பே, எரிவாயு யாருக்கு முதலில் என்ற வரிசையை மைய அரசு வகுத்திருந்தது. உரத் தொழிற்சாலைகளும், எரிவாயுவின்றி முடங்கிக் கிடந்த மின்நிலையங்களும் முன்னுரிமை பெற்றன. ஏற்கெனவே இயங்கும் ஆலைகளுக்கே முதலிடம் என்னும் அவ்வரிசையில், எழாத தாத்ரிக்கு இடமில்லை. எரிவாயு உறுதியாகாததால் ஆலை கட்டப்படவில்லை. ஆலை கட்டப்படாததால் எரிவாயு ஒதுக்கப்படவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் அலகாபாத் உயர்நீதிமன்றம் நில வழக்கில் தீர்ப்பு வழங்கியது. ஆட்சேபணை விசாரணையைத் தவிர்த்தது செல்லாது என்றும், 6-ஆம் பிரிவின் அறிக்கை செல்லாது என்றும், 5-ஏ பிரிவின்படி நிலவுடைமையாளரைக் கேட்க வேண்டும் என்றும் அது கூறியது. 2004-இல் சில மாதங்களில் முடிந்திருக்கக்கூடிய விசாரணைக்கு ஐந்தரை ஆண்டுகளுக்குப் பின் உத்தரவு பிறந்தது. ஆணை பெற்ற உரிமையும் மேல்முறையீட்டால் மீண்டும் உச்சநீதிமன்றத்தின் வாயிலில் நின்றது.

2010 மே 7-ஆம் நாள் உச்சநீதிமன்றம் எரிவாயு வழக்கை முடித்தது. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணனும் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி ப. சதாசிவமும் ஒரு தீர்ப்பையும், நீதிபதி பி. சுதர்சன் ரெட்டி தனித் தீர்ப்புரையையும் வழங்கினர். கடலடி எரிவாயு நாட்டு மக்களுக்கு உரியது. அரசு அதனை மக்களின் சார்பில் காக்கிறது. விலையும் ஒதுக்கீடும் அரசின் கொள்கைக்கு உட்பட்டவை. குடும்ப உடன்பாடு நிறுவனத்தின் பங்குதாரரைக் கட்டுப்படுத்தாது என்பவை அதன் சாரம். சில நாள்களில் சகோதரர் இருவரும் தம்முள் போட்டியிடாமைக்கான பழைய உடன்பாட்டை நீக்கினர். அரசு விலையை ஏற்ற புதிய எரிவாயு ஒப்பந்தமும் உருவாயிற்று.

இவ்விரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. கடலுக்கடியில் உள்ள வளம் மக்களுடையது, அதனைத் தனியார் உடன்பாட்டால் பங்கிட இயலாது என்றது ஒன்று. காலடியில் உள்ள நிலத்தை, அதை உழுபவரைக் கேளாமல் பொதுநோக்கம் என்ற சொல்லால் மட்டும் எடுக்க இயலாது என்றது மற்றொன்று. முதலாவது நாடெங்கும் விவாதிக்கப்பட்டது. இரண்டாவது வட்டாரச் செய்தியாகவே நின்றுவிட்டது.

வீழ்ச்சியும் திருப்புதலும்

தீர்ப்புக்குப் பின் எரிவாயுவே குறைந்தது. நாளொன்றுக்கு 80 மில்லியன் கன மீட்டர் என இலக்கு வைக்கப்பட்ட கேஜி-டி6, 2010-இல் 60 மில்லியனை எட்டிப் பின் விரைந்து சரிந்தது. 2013-ஆம் ஆண்டின் இறுதியில் 15 மில்லியனுக்கும் கீழே சென்றது. நிலவியல் காரணமா, போதிய கிணறுகள் தோண்டப்படாமையா என்பது அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையே நடுவர் தீர்ப்பாயம் வரை சென்ற வழக்காயிற்று. நாடெங்கும் ஏறத்தாழ 14,000 மெகாவாட் எரிவாயு மின்நிலையங்கள் உள்நாட்டு எரிவாயுவின்றி முடங்கின. ரிலையன்ஸ் பவர் ஆந்திரத்தின் சமல்கோட்டில் திட்டமிட்ட 2,400 மெகாவாட் நிலையத்திற்கு இயந்திரங்களை வாங்கியும் எரிவாயு கிடைக்கவில்லை. அவற்றின் ஒரு பகுதி பின்னர் வங்கதேசத்தின் மேக்நாகாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டது. தாத்ரி கட்டப்பட்டிருப்பினும் அதன் நிலை இதனின் வேறாக இருந்திருக்கும் எனக் கருத இடமில்லை.

எரிவாயு கிடைப்பதில் நிச்சயமின்மை தொடர்வதைக் காரணமாகக் கூறி நிறுவனம் நிலத்தை மாநில அரசுக்கே திருப்பித் தர முன்வந்தது. நிலத்தை ஒப்படைத்துச் செலவிட்ட தொகையைக் கோருமாறு அரசு பணித்தது. இவ்வாறு ஆலை ஒன்று தொடங்காமலே முடிந்தது.

இதே காலத்தில் நில எடுப்புச் சட்டமும் மாறிக்கொண்டிருந்தது. சிங்கூர், நந்திகிராம், 2011-இல் தாத்ரிக்கு அண்மையிலேயே நிகழ்ந்த பட்டா பர்சௌல் மோதல் ஆகியவை நாட்டின் கவனத்தை ஈர்த்தன. அவ்வாண்டு உச்சநீதிமன்றம் உத்தரப் பிரதேச நில எடுப்புகள் சிலவற்றில் அவசரக் கூற்றின் பயன்பாட்டைக் கண்டித்து நீக்கியது. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 2013-ஆம் ஆண்டின் புதிய சட்டம், தனியார் நிறுவனத்திற்காக நிலம் எடுக்கும்போது பாதிக்கப்படும் குடும்பங்களுள் 80 விழுக்காட்டினரின் இசைவை வேண்டியது. சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அவசரக் கூற்றை நாட்டுப் பாதுகாப்பு, இயற்கைப் பேரிடர், நாடாளுமன்ற ஒப்புதல் பெற்ற நெருக்கடி ஆகியவற்றுக்குள் அடக்கியது. ஐந்தாண்டு பயன்படாத நிலம் உரியவரிடமோ அரசின் நில வங்கியிடமோ திரும்ப வேண்டும் என்றது. தாத்ரி ஒன்றே இம்மாற்றத்திற்குக் காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. ஆனால் இக்கூறுகள் ஒவ்வொன்றும் தாத்ரியில் எழுந்த ஒரு குறைக்கு மறுமொழியாக அமைந்துள்ளமை நோக்கத்தக்கது.

முடிவுரை

மேற்கண்டவற்றின் காலவரிசையைத் தொகுத்து நோக்கினால் ஒன்று தெளிவாகிறது. எரிவாயுவின் விலை 2007-இல்தான் அரசால் ஏற்கப்பட்டது. உற்பத்தி 2009-இல் தொடங்கியது. உரிமை 2010-இல் முடிவாயிற்று. இவற்றுள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. அமைச்சகமும் நிறுவனங்களும் நீதிமன்றமும் தத்தம் வாதத்தை விரிவாக எடுத்துரைக்கக் காலம் பெற்றன. காலம் மறுக்கப்பட்டோர் நிலவுடைமையாளர் மட்டுமே. 2004-இல் அவசரமாக இருந்தது மின்சாரமன்று. நிலம் கைமாறுதலே அவசரமாக இருந்தது.

அவசரம் என்ற சொல் சட்டத்தில் காலத்தைக் குறிப்பது போலத் தோன்றினும், நடைமுறையில் அது யார் காத்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சொல்லாக இருந்தது. சூரிய ஒளிப் பூங்காக்களுக்கும் புதிய எரிசக்தித் தொழில்களுக்கும் பரந்த நிலம் வேண்டப்படும் இக்காலத்தில், எரிபொருள் மாறினும் இவ்வினா மாறவில்லை. ஒரு திட்டத்தின் பிற உறுப்புகள் அனைத்தும் உறுதிப்படும் முன் நிலம் மட்டும் ஏன் முதலில் உறுதிப்பட வேண்டும் என்பதை, நிலத்துக்குரியவர் கேட்கும் வாய்ப்பு திறந்திருக்க வேண்டும். பஜேரா குர்த்தின் உழவர்க்கு 2004-இல் அவ்வாய்ப்பு கிடைத்திருந்தால் அவர்கள் எழுப்பியிருக்கக்கூடிய வினா, உச்சநீதிமன்றம் ஆறாண்டுகள் கழித்து விடைகாண நேர்ந்த வினாவேயாகும்: அந்த எரிவாயு யாருடையது, அது யாருக்கு, எப்போது வரும்?